கப்பலில் தானாகப் பிடிக்கும் டிப்ஸ்: கட்டணுமா, எடுக்கச் சொல்லலாமா?

கோயம்புத்தூர்க்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வரும் மே மாதம் சிங்கப்பூரிலிருந்து நாலு இரவு கப்பல் பயணம் போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. இரண்டு கேபின். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் "எல்லாம் சேர்ந்த விலை சார்" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். தங்கல், சாப்பாடு, ஷோ எல்லாமே உள்ளே என்றார். நேற்று கப்பல் கம்பெனியின் ஆப்பில் முன்பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் தினசரி டிப்ஸ் என்று தலைக்கு ஒரு தொகை நிற்கிறது. நாலு பேருக்கும் சேர்த்து முந்நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஏஜென்டைக் கேட்டால், "அது கட்டாயம் இல்ல சார், கப்பல்ல ஏறினதும் கவுண்டர்ல போய் எடுக்கச் சொல்லிடுங்க, நம்ம ஆளுங்க எல்லாரும் அதான் பண்றாங்க" என்கிறார்.

இந்தப் பணம் உண்மையிலேயே வேலை செய்கிறவர்கள் கைக்குப் போகிறதா? எடுக்கச் சொன்னால் கப்பலில் சங்கடம் ஏதும் வருமா? அதை எடுத்துவிட்டு, கேபினைச் சுத்தம் செய்கிறவர் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இன்னும் நல்லதில்லையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்கார்பரோ_தம்பி எழுதியது:

நாங்கள் இங்கேயிருந்து ஃபுளோரிடாவுக்கு இறங்கி அங்கே கப்பல் ஏறுகிற ஆட்கள். கனடாத் தமிழ்ச் சனத்துக்கு இப்போது கல்யாணத்துக்குக் கப்பல், அறுபதாம் பிறந்தநாளுக்குக் கப்பல் என்று ஆகிவிட்டது. அதனால் இந்தக் கணக்கு எங்களுக்குப் பாடம்.

கப்பல் கம்பெனிகளில் ராயல் கரீபியன் 2024 நவம்பரில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர் ஆக்கியது, சூட் என்ற பெரிய அறை என்றால் 21. நார்வீஜியன் 2023-ல் 20 ஆக்கியது, சூட்டுக்கு 25. கார்னிவல் அதே 2023-ல் 16, சூட்டுக்கு 18 என்று கூட்டியது. எல்லோரும் அவ்வப்போது ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள், அதனால் நீங்கள் போகிற நேரம் என்ன என்று ஆப்பிலேயே பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் உண்டு. ராயல் கரீபியனில் கைக்குழந்தைக்கும் முழுக் காசு. கார்னிவலில் இரண்டு வயதுக்கு உட்பட்டால் இல்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஏழு இரவு என்றால் ராயல் கரீபியனின் அந்த 18.50 கணக்கில் 518 டாலர். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிற மாதத்தில் இந்தத் தொகையைப் பார்த்தால் இன்னொரு ஆளுக்கு டிக்கெட் வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும்.

இது தவிர பாரில் ஒரு ஜூஸ் வாங்கினாலும் அதன் மேல் ராயல் கரீபியனில் 18 சதவீதம், நார்வீஜியனில் 20. ஸ்பாவுக்கும் அப்படியே. டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கினால் பேக்கேஜ் விலையின் மேலும் அதே சதவீதம். அந்த ரசீதில் அதுக்குக் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு வெற்றுக் கோடு இருக்கும், அதை நிரப்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் காசு எழுதுகிறார்கள்.

முன்கூட்டியே கட்டினால் ஒரு நன்மை: நடுவில் விலை கூட்டினாலும் பழைய விலைதான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நேராகச் சொல்கிறேன், எடுக்கச் சொல்லுங்கள். ராயல் கரீபியன் குழுமம் 2024-ல் சம்பாதித்த நிகர லாபம் 290 கோடி டாலர். கார்னிவல் குழுமம் 190 கோடி. இவர்கள் தங்கள் ஊழியருக்குக் கூலி கொடுக்க என்னிடம் தனியாக வசூல் பண்ணுவார்களாம். கொடுக்காதவன் கஞ்சனாம், மனசாட்சி இல்லாதவனாம்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வார்கள். அதுதான் இது. டிக்கெட் விலையைக் குறைவாகக் காட்டி விளம்பரம் போடுவது, பிறகு கப்பலுக்குள் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. டீசல் செலவுக்கு என்னிடம் தனியாகக் கேட்கிறார்களா? கேப்டன் சம்பளத்துக்குக் கேட்கிறார்களா? தட்டு எடுக்கிறவன், மெத்தை தட்டுகிறவன் சம்பளம் மட்டும் ஏன் என் மனசாட்சியின் பொறுப்பு?

டிப்ஸ் என்பது நான் திருப்தியானால் என் விருப்பத்துக்குக் கொடுப்பது. ஏறுவதற்கு முன்பே கட்டு என்றால் அதற்குப் பெயர் கட்டணம்.

---

முத்துநகர்_மாலுமி எழுதியது:

கோயம்புத்தூர்க்காரன் தம்பி, நான் தூத்துக்குடி. அமெரிக்கக் கம்பெனிக் கப்பலில் பயணிகள் அறையைக் கவனிக்கும் கேபின் ஸ்டூவர்டாக இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

சம்பளம் எப்படி எழுதியிருக்கும் என்பது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். எங்கள் கான்ட்ராக்டில் மாதம் இவ்வளவு உறுதி என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அதற்குள் கம்பெனி தன் கையிலிருந்து தரும் அடிப்படைச் சம்பளம் சின்னது. மீதி டிப்ஸ் பூலில் இருந்து, அதாவது எல்லாப் பயணிகளின் டிப்ஸும் சேரும் பொதுத் தொகையில் இருந்து வரவேண்டும். அந்த மாதம் பூலில் வந்தது உறுதித் தொகையைத் தொடவில்லை என்றால் குறைகிறதைக் கம்பெனி போட்டு நிரப்பும். தாண்டினால், தாண்டியது எங்களுக்கு.

இப்போது நீங்களே பாருங்கள். உறுதித் தொகை வரைக்கும் பயணிகள் தரும் பணம் கம்பெனியின் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது. அந்த மட்டில் கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவது அந்த உறுதித் தொகைக்காக இல்லை, அதற்கு மேலே வருகிறதுக்காக. வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் அந்த மேல்வரும்படியில்தான் நடக்கும். ஒருவர் டிப்ஸை எடுக்கச் சொன்னால் முதலில் குறைவது அதுதான். கம்பெனிக்கு அடி விழ வேண்டுமென்றால் கப்பலில் பெரும்பகுதிப் பேர் சேர்ந்து எடுத்தால்தான் விழும். நாலு பேர் எடுத்தால் விழுவது எங்கள் தலையில்.

பூலில் யார் யார் என்று கேட்பீர்கள். கேபின் ஆள், டைனிங் ரூம் வெயிட்டர், உதவி வெயிட்டர், இவர்கள் முகம் உங்களுக்குத் தெரியும். லாண்டரியில் கொதிக்கும் சூட்டில் நிற்கிறவன், கேலி என்கிற கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவன், ராத்திரி ரெண்டு மணிக்குப் பஃபே தரையைத் தேய்க்கிறவன், இவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் பங்கு உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி பட்டியல் மாறும். கேப்டன், என்ஜின் ரூம், டெக் ஆட்கள் இதில் சேர மாட்டார்கள்.

வேலை நேரம்: 2006-ல் கொண்டுவந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் குறைந்தது 77 மணி ஓய்வு தரவேண்டும். திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு 14 மணி வேலை வாங்கினாலும் அந்த நாளில் சட்டமீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி ஒன்றும் கிடையாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஒரே ஓட்டம். ஊருக்கு வந்து இருக்கிற ரெண்டு மாதத்துக்குச் சம்பளமும் கிடையாது. மாதச் சம்பளத்தைக் கேட்டுவிட்டு "அட, நல்லாத்தானே வருது" என்கிறவர்கள் அதை வருஷத்துக்கு வகுத்துப் பார்க்க மாட்டார்கள்.

---

கோயம்புத்தூர்க்காரன் எழுதியது:

நன்றி அண்ணாச்சி. இந்த உறுதித் தொகை விஷயம் எந்த யூடியூப் வீடியோவிலும் சொல்லவில்லை. நாங்கள் போகும் கப்பலிலும் அதே முறைதானா?

---

முத்துநகர்_மாலுமி எழுதியது:

நான் சொன்னது நான் கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட். வார்த்தைகள் மாறலாம், உங்கள் கப்பலுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றக் கம்பெனிப் பையன்களோடு துறைமுகத்தில் பேசும்போது அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

---

தெம்பனிஸ்_வாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து என்பதால் உள்ளே வருகிறேன். இங்கே டிப்ஸ் கொடுக்கும் பழக்கமே கிடையாது. உணவகத்தில் பத்து சதவீத சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி, அவ்வளவுதான். அந்தப் பத்து சதவீதமும் பரிமாறுகிறவருக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது கடையின் வருமானம். முதலாளி மனது வைத்தால் ஊழியருக்கு. இந்தச் சூட்டில் வளர்ந்த எங்களுக்குக் கப்பல்காரர்கள் "ஊழியர்களுக்காக" என்றாலே சந்தேகம் வருவது இயற்கைதான்.

கடைசி இரவு கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் நீளமான வரிசை நிற்கும். பாதிப் பேர் கணக்கில் ஏதோ சந்தேகம் கேட்க, மீதிப் பேர் டிப்ஸை எடுக்க. என் மாமியார் பக்கத்துச் சொந்தம் ஒருவர், நான்கு நாளும் வெயிட்டரிடம் தனியாகச் சைவம், பச்சை மிளகாய், தயிர், ஊறுகாய் என்று ஓட வைத்துவிட்டு, அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றார். காரணம் கேட்டால் "நான்தான் ஒரு ஏப்பம் விடுகிற அளவுக்குக்கூடச் சாப்பிடலையே" என்றார். அவரைத் திருத்த முடியாது.

நடைமுறை என்னவென்றால், பெரும்பாலான கப்பல்களில் கவுண்டரில் கேட்டால் எடுத்துவிடுவார்கள். "சேவையில் ஏதாவது குறையா?" என்று ஒரு முறை கேட்பார்கள். சண்டையெல்லாம் இல்லை. முழுதாக எடுக்காமல் குறைக்கவும் செய்யலாம். ஆனால் இறங்கும் முன் செய்துவிட வேண்டும், வீட்டுக்கு வந்தபிறகு மின்னஞ்சல் போட்டு வாங்குவது பெரும்பாடு.

கோயம்புத்தூர்க்காரன், உங்கள் அப்பா அம்மா சைவமா? அப்படியென்றால் முதல் நாள் இரவே தலைமை வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் இரவுக்கு இந்தியச் சைவம் தனியாகச் செய்து தருவார்கள். சமையலறையில் பெரும்பாலும் ஒரு இந்தியராவது இருப்பார்.

---

மெல்பர்ன்_மீனா எழுதியது:

இந்தச் சச்சரவே தேவையில்லாத இடங்களும் இருக்கின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்தோடு தினசரி டிப்ஸ் பிடிப்பதை நிறுத்திவிட்டது. பிரிட்டிஷ் பயணிகளை ஏற்றும் மரெல்லாவிலும் டிப்ஸ் டிக்கெட்டுக்குள்ளேயே. மேல்தட்டுக் கப்பல்களான ரீஜன்ட், சீபோர்ன், சில்வர்சீ மூன்றிலும் தனியாகக் கேட்பதில்லை. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவிலும் டிப்ஸ் உள்ளடங்கிய விலையாகவே விற்கும் கம்பெனிகள் உண்டு, ஏனென்றால் இங்கே தனியாகக் கேட்டால் மக்கள் முகம் சுளிப்பார்கள்.

அதே கம்பெனிக் குழுமம் அமெரிக்காவில் தனியாகப் பிடிக்கும், இங்கே சேர்த்து விற்கும். ஆக, "கடல் தொழிலின் வழக்கம், மாற்றவே முடியாது" என்பதெல்லாம் கதை. சந்தை எதைப் பொறுத்துக்கொள்கிறதோ அதைச் செய்கிறார்கள்.

பி அண்ட் ஓ பெயர் வந்ததால் ஒரு பழைய கதையும் சொல்கிறேன், பலருக்கு மறந்திருக்கும். 2012-ல் அந்தக் கம்பெனியின் கப்பல்களில் சில ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் மணிக்கு 75 பென்ஸ் என்று பிரிட்டிஷ் நாளிதழில் செய்தி வந்து பெரிய பேச்சானது. அப்போது அந்த நாட்டில் கரையில் வேலை செய்கிறவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு ஆறு பவுண்டுக்கு மேல். செய்தியில் பேசப்பட்டவர்களில் நம் இந்தியப் பையன்கள் நிறையப் பேர். அந்தக் கூச்சலுக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் டிப்ஸ் விலைக்குள் போனது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பயணிகளும் பத்திரிகைகளும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் கம்பெனிகள் அசையும் என்று நம்புகிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மீனா அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், கொஞ்சம் கோபமாக.

இந்தக் கப்பல்களின் தலைமை அலுவலகம் மயாமியில். கம்பெனி பதிவு? ராயல் கரீபியன் லைபீரியாவில். கார்னிவல் பல காலம் பனாமாவில். நார்வீஜியன் பெர்முடாவில். கப்பலின் பின்புறம் போய்ப் பாருங்கள், பஹாமாஸின் நாசோ என்றோ பனாமா என்றோ எழுதியிருக்கும். அமெரிக்காவின் 1938 தொழிலாளர் சட்டத்தில் இருக்கும் குறைந்தபட்ச ஊதியம் வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலின் மாலுமிக்குக் கிடையாது. இதுதான் மொத்த வியாபாரத்தின் அடித்தளம்.

"அதனால்தான் டிப்ஸ் தேவைப்படுகிறது, பாவம் ஊழியர்கள்" என்று உடனே கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒன்று. நார்வீஜியனின் பிரைட் ஆஃப் அமெரிக்கா என்று ஒரு கப்பல் ஹவாய்த் தீவுகளைச் சுற்றுகிறது. அதில் பறப்பது அமெரிக்கக் கொடி. ஊழியர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அமெரிக்கச் சட்டம், அமெரிக்க ஊதியம். அங்கேயும் அதே தினசரிச் சேவைக் கட்டணம் இருக்கிறது! ஆகவே இது ஏழை நாட்டு ஊழியனைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு இல்லை. கிடைக்கிற இடத்தில் எல்லாம் எடுப்பது.

நார்வீஜியன் தன் விளக்கத்திலேயே அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஊழியர் நலத்திட்டங்களுக்குப் போகிறது என்று சொல்கிறது. ஊழியர் நலம் கம்பெனி செலவில்லையா? ஜிம் வாங்கிப் போட்டாலும் அது நலத்திட்டம்தான்.

---

பழைய_பேப்பர் எழுதியது:

இந்த மண்டையிடியின் வேர் கப்பலில் இல்லை, ரயிலில் இருக்கிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்தபிறகு புல்மன் என்ற தூங்கும் ரயில்பெட்டிக் கம்பெனி, விடுதலையான கறுப்பின மக்களைப் போர்ட்டர் வேலைக்கு எடுத்தது. சொற்பச் சம்பளம், மிச்சத்தைப் பயணியிடம் வாங்கிக்கொள் என்ற ஏற்பாடு. அந்தப் போர்ட்டர்கள் 1925-ல் ஏ. பிலிப் ரண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, பன்னிரண்டு வருஷம் போராடி 1937-ல்தான் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். இன்றைக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய ரொக்க ஊதியம் மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து நகரவே இல்லை. மாநிலங்கள் சில கூட்டி வைத்திருக்கின்றன, அது வேறு.

கப்பலில் முன்பு உறை முறை இருந்தது. கடைசி இரவு கேபினில் காகித உறைகள் வைத்திருப்பார்கள்: ஸ்டூவர்டுக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று. பயணம் முழுக்க ஒரே மேஜை, ஒரே வெயிட்டர் என்பதால் அது நடந்தது. 2000-ல் நார்வீஜியன் "எப்போது வேண்டுமானாலும், எந்த உணவகத்தில் வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று ஃப்ரீஸ்டைல் முறையைக் கொண்டுவந்தது. தினம் ஒரு வெயிட்டர் என்றால் உறையை யாரிடம் கொடுப்பது? அதனால் கணக்கில் தானாக ஏற்றும் முறை பரவியது. இதில் பயணிக்கும் வசதி இருந்தது, முகம் தெரியாத ஊழியருக்கும் பங்கு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனிக்கு என்ன வசதி என்றால், பணம் முதலில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. உறை ஒரு நாளும் அவர்கள் கைக்குப் போனதில்லை.

---

கோயம்புத்தூர்க்காரன் எழுதியது:

எல்லாம் சரி. என் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. எடுத்துவிட்டு, அதே முந்நூறு டாலரைக் கையில் கொடுத்தால்? கம்பெனி நடுவில் வராதே.

---

முத்துநகர்_மாலுமி எழுதியது:

வரும் தம்பி. எங்கள் கப்பலில் தானாகப் பிடிப்பதை எடுத்த பயணி கையில் ரொக்கம் கொடுத்தால், அந்த ரொக்கத்தைச் சூப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும், அது பூலுக்குப் போகும். எடுக்காத பயணி அதற்கு மேலே கொடுத்தால் அது எங்களுக்கே. வேறு சில கம்பெனிகளிலும் இதே விதி உண்டு. எந்தக் கேபின் எடுத்துவிட்டது என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும், அவர் முகத்திலிருந்து எங்களுக்கும் தெரிந்துவிடும். ஒப்படைக்காமல் பாக்கெட்டில் வைத்து மாட்டினால் வேலை போகும். நீங்கள் நல்ல மனதோடு கொடுத்த பணம் ஒரு பையனைக் கள்ளனாக்கிவிடும், அல்லது அவன் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பான்.

இன்னொன்று, நீங்கள் யார் யாருக்குக் கொடுப்பீர்கள்? கேபின் பையன், வெயிட்டர், உதவி வெயிட்டர், மூன்று பேர். லாண்டரிக்காரனைத் தேடிப் போய்க் கொடுப்பீர்களா?

கூடுதலாகக் கொடுக்க ஆசைப்பட்டால் சில விஷயம். கடைசி ராத்திரி வரைக்கும் வைத்திருக்காமல் முதல் நாளோ ரெண்டாம் நாளோ கொடுங்கள். லஞ்சம் என்று சொல்லாதீர்கள், அறிமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் நோட்டாகக் கொடுங்கள். வெளிநாட்டுச் சில்லறை நாணயத்தை எந்த நாட்டில் போய் மாற்றுவான்? இந்திய ரூபாயை பிலிப்பைன்ஸ் பையனிடம் நீட்டாதீர்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கி என்னிடம் வந்து மாற்றிக் கேட்பான்.

பணத்தைவிடச் சில நேரம் பெரியது பெயர். இறங்கியபிறகு மின்னஞ்சலில் ஒரு கருத்துப் படிவம் வரும். அதில் பொதுவாக "சேவை அருமை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. சட்டைப் பட்டையில் இருக்கும் பெயரை எழுதுங்கள். பெயர் வந்தால்தான் பதவி உயர்வுக்கும், அடுத்த கான்ட்ராக்டில் நல்ல கேபின் வரிசைக்கும் கணக்கு.

---

விழுப்புரம்_பையன் எழுதியது:

அண்ணாச்சி, சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். என் தம்பி கேட்டரிங் முடித்திருக்கிறான். கப்பலில் ஸ்டூவர்ட் வேலைக்கு ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

---

முத்துநகர்_மாலுமி எழுதியது:

கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது நான் மேலே சொன்ன அதே உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஏஜென்டுக்கு இந்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங் தரும் உரிமத்தை ஆர்பிஎஸ்எல் என்பார்கள். அது உள்ள ஏஜென்ட்கள் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே இருக்கிறது, பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவப் பரிசோதனை, எஸ்டிசிடபிள்யூ என்ற கடல் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி, சிடிசி என்ற மாலுமி அடையாளப் புத்தகம், இவற்றுக்குச் செலவு உண்டு. அமெரிக்கா பக்கம் ஓடும் கப்பலுக்கு வேண்டிய சி1/டி விசாவின் செலவு அதே உடன்படிக்கைப்படி கப்பல் முதலாளியுடையது. மூன்று லட்சம் ஆகாது. அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கிப் போனவன் முதல் கான்ட்ராக்ட் முழுவதும் ஏஜென்டுக்காக மெத்தை விரிப்பான்.

---

நெறியாளர் எழுதியது:

கப்பல் வேலை பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே தொடருங்கள். முத்துநகர்_மாலுமி எழுதிய பதில் பலருக்குப் பயன்படும் என்பதால் நீக்கவில்லை.

---

ஸ்கார்பரோ_தம்பி எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணைக்கு ஒரு ஆதரவுப் புள்ளி, ஏனென்றால் எல்லோரும் அவரைப் போட்டுத் தாக்குகிறார்கள். முன்பு கேபின் ஆள் காலையும் மாலையும் இரண்டு முறை வருவார். 2023 வாக்கில் நார்வீஜியன், ராயல் கரீபியன் இரண்டும் சாதாரண கேபின்களுக்கு ஒரு முறை என்று குறைத்துவிட்டன. அதே காலத்தில் தினசரி டிப்ஸ் கூடியது. கேபின் ஆளுக்கு வேலை குறைந்ததா என்றால், இல்லையாம், ஒருவருக்குக் கூடுதல் கேபின்களைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் கப்பல் பையன் சொன்னான். சேவை குறைந்தது, விலை ஏறியது, பையனுக்கு வேலையும் ஏறியது. இதில் யாருக்கு லாபம் என்று நான் சொல்லித்தான் விளங்க வேண்டுமென்று இல்லை.

ஆனாலும் நான் எடுக்கமாட்டேன். டிக்கெட் விலையோடு அதைக் கூட்டித்தான் எந்தக் கப்பல் மலிவு என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் சில நேரம் டிப்ஸ் உள்ளடங்கிய கம்பெனியே மலிவாக வரும், அங்கே போய்விடுவேன். கோபத்தை முன்பதிவு செய்யும்போதே காட்டலாம். கவுண்டரில் காட்டினால் அடிபடுவது கேபின் பையன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணாச்சி எழுதியதைப் படித்தபிறகும் என் கோபம் குறையவில்லை. ஆனால் எடுக்கச் சொல்லுங்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு திருத்தம் போடலாம்: சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால் கவுண்டரில் புகார் சொல்லிச் சரிசெய்ய வையுங்கள். சரியாகவில்லை என்றால் மட்டும் குறையுங்கள். ஏறும்போதே எடுப்பது என்ற ஏஜென்ட் யோசனை எனக்கும் பிடிக்கவில்லை. அந்த ஏஜென்ட் தன் கமிஷனைக் குறைத்தாரா என்று கேளுங்கள்.

---

கோயம்புத்தூர்க்காரன் எழுதியது:

கேட்டேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம், கட்டிவிடுகிறோம். அப்பா "கல்யாண மண்டபத்துல சமையல்காரனுக்குத் தனியா குடுக்கறதில்லையா, அது மாதிரிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மா இப்போதே மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றை அந்தக் கேபின் பையனுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார், கப்பலில் ஏற்ற விடுவார்களா தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. முன்பதிவோடு 100 டாலர் ஆன்போர்டு கிரெடிட், அதாவது கப்பலுக்குள் செலவழிக்கும் வரவு, கொடுத்திருக்கிறார்கள். அதை டிப்ஸுக்குப் பயன்படுத்தலாமா, இல்லை முன்கூட்டியே கார்டில் கட்டிவிடுவது நல்லதா?

---

ஸ்கார்பரோ_தம்பி எழுதியது:

பெரும்பாலான கம்பெனிகளில் கிரெடிட் இருந்தால் கப்பலில் ஏறும் டிப்ஸ் அதிலிருந்தே கழியும். முன்கூட்டிக் கட்டினால் கார்டில் போகும், கிரெடிட் தொடாமல் நிற்கும். கடைசி நாளில் மீதமாகும் கிரெடிட்டைத் திருப்பித் தருவார்களா என்பது அது எந்த வகைக் கிரெடிட் என்பதைப் பொறுத்தது, சிலது திரும்பாது. திரும்பாத வகை என்றால் முன்கூட்டிக் கட்டாதீர்கள், கப்பலிலேயே அதில் கழியட்டும். ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோகாமல், கடையில் வாங்கிய, சீல் உடையாத பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள். வீட்டில் செய்ததை ஏற்ற விடமாட்டார்கள்.